பதம் பார்த்த கை

கண்ணுகளா, விளக்கு எரிந்தால் எரியட்டும், அணைக்க வேண்டாம். இது இருட்டில் நடந்த கதை இல்லை. பங்குனி வெயில் தகரக் கூரையில் பட்டுத் தெறிக்கிற நடுப்பகலில், சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் தூக்குப்போசியைத் திறந்து சோறு உண்டுகொண்டிருக்கும்போது நடந்தது. இருட்டை நம்பாதவர்கள்கூடப் பகலை நம்பிக் கண்ணை மூடுகிறோம் இல்லையா? அந்த நம்பிக்கைக்கு நேர்ந்தது இது.

எண்பத்தாறாம் வருஷம். திருப்பூரிலிருந்து அனுப்பர்பாளையம் போகிற ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் கிட்டுசாமி ஆசாரி டவுன் பஸ்ஸை விட்டு இறங்கினான். இறங்கும்போதே முகம் கோணியிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மேல் சாயப்பட்டறை வாடை. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. கம்பெனியின் மரக்கதவில் கீல் ஒரு நூல் தள்ளி அடித்திருந்தது. அது அதைவிடப் பிடிக்கவில்லை. அவனுக்குப் பிடித்த பொருள் உலகத்தில் இரண்டுதான். ஒன்று அவனுடைய கைவேலை, இன்னொன்று அவனுடைய மீசை. மற்றதெல்லாம் குப்பை.

முதலாளி திருமூர்த்தி கிணறு வற்றிய பிறகு தோட்டத்தை விட்டுவிட்டு நிட்டிங் மிஷின் வாங்கிப் போட்டவர். பழைய கம்பெனிக்குப் பக்கத்திலேயே புதுக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. சித்திரை பிறந்ததும் திறப்பு. அதற்குள் துணி வெட்டுகிற நீள மேசைகள் ஆகவேண்டும்.

"வாங்க ஆசாரியாரே. பின்னால தகரக் கொட்டாய்ல வேலை பாத்துக்கலாமுங்க. பழைய ஆளு சின்னானோட சாமானெல்லாம் அங்கியே கெடக்குது. ஆவறதை எடுத்துக்குங்க."

"அந்த ஆளு எங்கீங்க?"

"போயிட்டானுங்க. போன மாசம் மத்தியானச் சோறு உண்டுபோட்டு அங்கியே சாஞ்சவன், எந்திரிக்கலை. நெஞ்சு வலி."

"ஆசாரிங்களா?"

"இல்லீங்க. எங்க தோட்டத்துல பண்ணையாளா இருந்த குடும்பம். பாக்கிங் பொட்டி அடிக்கப் பழகி, அப்படியே மேசை பெஞ்செல்லாம் பண்ணுவான்."

கிட்டுசாமி மூக்கு வழியாகச் சிரித்தான். "பொட்டி அடிக்கறதுங்களா? ஆணியும் சுத்தியும் குடுத்தா எங்க ஊட்டு எருமைகூட அடிக்குமுங்க."

திருமூர்த்தி கொட்டகைச் சாவியை எடுத்து நீட்டினார். நல்ல ஆசாரி கிடைப்பது கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். நல்ல வாய் உள்ள ஆசாரி கிடைப்பது அதைவிடக் கஷ்டம்.

கொட்டகைக்குள் விளக்கெண்ணெய் வாசமும் மரச்சீவல் வாசமும் கலந்து தேங்கியிருந்தன. ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை. அதன் மேல் உளி தீட்டுகிற கல். கிட்டுசாமி குனிந்து பார்த்தான். தேய்ந்து தேய்ந்து கல்லில் குழி விழுந்திருந்தது. அந்தக் குழியும் நேராக இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"கோணக்கைப் பயல்," என்று காறித் துப்பினான்.

பக்கத்தில் ஒரு பட்டை உளி இருந்தது. வேலமரத்துப் பிடி. அதை எடுத்தான். உளி தீட்டுகிறவர்கள் பதம் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முனையை முன்னங்கையில் படுக்க வைத்து மெல்ல நகர்த்துவார்கள். ரோமம் சத்தமில்லாமல் விழுந்தால் பதம் சரி. இல்லையென்றால் திரும்பவும் கல்லுக்குப் போகவேண்டும். கிட்டுசாமி வலது கையில் உளியைப் பிடித்து, இடது முன்னங்கையில் ஓட்டினான்.

ஓட்டியதே தெரியவில்லை. ரோமம் மட்டும் உதிர்ந்து கிடந்தது.

இத்தனை வருஷத் தொழிலில் அவன் கைக்கு அப்படி ஒரு முனை வந்ததில்லை. வேறொருவனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். கிட்டுசாமிக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் நிழல் தட்டியது. சின்னானின் மனைவி மருதாள். அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள், பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓர் ஆற்றுக் கல்லைக் கையில் எடுத்தாள்.

"ஏனுங்க, சாமானை நீங்களே வெச்சுப் பொழங்குங்க. அதுக்கு முன்னால ஒருக்கா முனையை அடிச்சுக் குடுத்தர்றனுங்க. இத்தன நாளும் கொட்டாய் பூட்டிக் கெடந்துதுங்க."

"எதுக்கு அடிக்கோணும்?"

"செத்தவங்க தீட்டி வெச்ச முனையில அடுத்தவங்க வேலை செய்யக் கூடாதுங்க. அடிச்சு மழுக்கிட்டா அவங்க கை அதோட போயிரும். அப்பறம் நீங்க சாணை புடிச்சு உங்க முனையா வெச்சுக்கலாமுங்க. அருவாளா இருந்தாலும் எங்க பக்கம் அப்படித்தானுங்க."

"ஏம்மா, நாலு தலைமொறையா உளி புடிச்ச ஊடு எங்களுது. எங்களுக்கே இல்லாத சாஸ்திரம் உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு? நல்ல இரும்பை நாசம் பண்ணாத போயி நூலை வெட்டு. அதுவும் உன்ற ஊட்டுக்காரன் தீட்டுன முனையில வெண்ணெயக்கூட வெட்ட முடியாது."

மருதாள் அவனுடைய இடது கையைப் பார்த்தாள். ரோமம் போய்ப் பளபளத்த பட்டையைப் பார்த்தாள்.

"பாத்தா அப்படித் தெரியலீங்க," என்றாள். கல்லை முடிந்துகொண்டு போனாள்.

அன்றைக்கு அந்த உளி தேக்கு மரத்துக்குள் நுங்குக்குள் விரல் போவதுபோலப் போயிற்று. மத்தியானம் நெருங்கும்போது மறைந்திருந்த ஓர் ஆணியில் பட்டு முனை சிதைந்தது. அப்படியே போட்டுவிட்டு, சோறு உண்டு, சீவல் குவியலில் துண்டை விரித்துப் படுத்தான். சாப்பாட்டு மணிக்கு மிஷின்கள் எல்லாம் நின்றுவிடும். காலையிலிருந்து காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது திடீரென்று நிற்கும்போது, காது தானாகவே வேறு எதையாவது தேடும், கவனித்திருக்கிறீர்களா?

ஸ்ர்ர்... ஸ்ர்ர்... ஸ்ர்ர்.

தூக்கத்தில் யாரோ தீட்டுகிற சத்தம். மிகவும் கிட்டத்தில்.

எழுந்து பார்த்தபோது உளி கல்லின் மேல் இருந்தது. கல்லில் எண்ணெய் ஈரம். முனை முன்பு இருந்ததைவிடக் கூர்மை. கை கழுவப் போனவன்தான் கவனித்தான். வலது முன்னங்கையில் இரண்டு விரல் அகலத்துக்கு ரோமம் இல்லை.

காலையில் அவன் பதம் பார்த்தது இடது கையில்.

"எந்த வேலையத்த நாயோ வெளையாடுது," என்று மறுநாள் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தான். எழுந்தபோது தாழ் போட்டபடியே இருந்தது. உளி தீட்டியிருந்தது. கையில் பட்டை அகலமாகியிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. கொஞ்ச நாளில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வலது கை பச்சைக் குழந்தையின் கைபோல மொழுமொழுவென்று ஆகிவிட்டது.

போய்விடலாமே என்று கேட்பீர்கள். எப்படிப் போவான்? வந்து பார்த்த திருமூர்த்தி மேசைப் பலகையைத் தடவிப் பார்த்து அசந்துவிட்டார். "கண்ணாடியாட்டம் இருக்குதுங்களே. புதுக் கட்டடத்துல மர வேலை பூராவும் நீங்களே பாருங்க," என்று சொல்லிவிட்டார். கிட்டுசாமியும், "கை அப்படிங்க," என்று மீசையை முறுக்கிக்கொண்டான். அப்புறம் ஒரு பெட்டி அடிக்கிறவனுடைய உளிக்குப் பயந்து ஓடினான் என்று எவனாவது சொல்லிவிட்டால்? அவன் உயிரோடு இருப்பதைவிட அது அவனுக்குப் பெரிதாக இருந்தது.

கையில் ரோமம் தீர்ந்துபோன மறுநாள், தூக்கம் கலைந்து முகத்தைத் தடவினான்.

மேலுதட்டில் ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது.

பாதி மீசை இல்லை.

மிச்சப் பாதி முறுக்கினபடியே நின்றது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினவன் செக்கிங் பெண்கள் நடுவில் போய் மாட்டிக்கொண்டான். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ரங்காத்தாள். அவள் வாய்க்குச் சூப்பர்வைசரே நடுங்குவான்.

"ஏனுங் ஆசாரியாரே, இழைப்புளி வழுக்கீருச்சுங்களா?"

துண்டு நழுவியது. சிரிப்பு அள்ளிக்கொண்டு போயிற்று.

"ஒருபக்கம் மட்டும் ஒங்க மாமியார் ஊட்டுச் சாமிக்கு வேண்டுதலுங்களா? இன்னொரு பக்கத்தையும் குடுத்துருங்க, சாமி கோவிச்சுக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மருதாள் மட்டும் சிரிக்கவில்லை. மழித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக எப்போதோ கண்ட ஒரு கைவேலையைப் பார்ப்பதுபோல.

மிச்ச மீசையையும் எடுத்துவிட்ட பிறகுதான் கிட்டுசாமிக்குக் கணக்குப் புரிந்தது. கை முடிந்தது. மீசை முடிந்தது. இனி அந்த முனை அடுத்துத் தேடி வருகிற ரோமம் தொண்டைக்குழியைச் சுற்றி முளைத்திருக்கிற முள்தாடிதான்.

அன்று சாயங்காலமே மருதாளைக் கூப்பிட்டுவிட்டான். அப்போதும் புத்தி வந்ததா? வரவில்லை, கண்ணுகளா. வேலமரப் பிடி போட்ட உளியை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். தன்னுடைய பழைய உளிகள் சிலவற்றை எடுத்து அவள் முன்னால் போட்டான். நூல் வெட்டுகிறவளுக்கு எந்த உளி யாருடையது என்று எங்கே தெரியப்போகிறது? செத்தவனுக்கும் சடங்கு நடந்தால் சரிதானே?

"இந்தா, உன்ற சாஸ்திரத்தைப் பண்ணிட்டுப் போ."

மருதாள் உளிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பிடியைத் தடவினாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இதுதானுங்களா?"

"பின்ன?"

"நீங்க சொன்னாச் சரிங்க."

ஆற்றுக் கல்லால் ஒவ்வொரு முனையையும் அடித்து மழுக்கினாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானம். கிட்டுசாமி படுக்கவில்லை. கதவைத் தாழிட்டு, பூட்டிய பெட்டியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். இன்றைக்குத் தூங்குவதில்லை என்று முடிவு. மணி அடித்தது. மிஷின்கள் நின்றன. தகரம் வெயிலில் டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரங்காத்தாள் யாரையோ வைதுகொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தான். தைரியமாக இருந்தது. இமை கனத்தது.

முதலில் வந்தது விளக்கெண்ணெய் வாசம்.

பிறகு தொண்டையில் ஒரு குளிர்ச்சி.

கண்ணைத் திறந்தான். எதிரே யாரும் இல்லை. தாழ் போட்டபடியே இருந்தது. பெட்டி திறந்திருந்தது, சாவி பூட்டில் தொங்கியது.

குளிர்ச்சி மெல்ல நகர்ந்து மேலே ஏறியது. அவசரமே இல்லை. முள்தாடி உதிர்ந்து சட்டையில் விழுவது தெரிந்தது. எச்சில் விழுங்கப் பயந்தான். விழுங்கினால் குரல்வளை எழும்பும்.

கண்ணை மட்டும் கீழே இறக்கினான்.

வேலமரப் பிடி. அதைச் சுற்றி ஐந்து விரல்கள்.

அந்த விரல்களை அவனுக்குத் தெரியும். கட்டைவிரல் நகம் சின்ன வயதில் சுத்தியல் பட்டுப் பிளந்தது.

அது அவனுடைய இடது கை.

விடு என்று நினைத்தான். விடவில்லை. இடது தோளிலிருந்து கீழே அவனுக்கு எதுவுமே தெரியவில்லை, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டியிருப்பதுபோல இருந்தது. வலது கையை மெல்லத் தூக்கினான். உளி ஒரு மயிரளவு அழுந்தியது. வலது கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

இடது கை உளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பியது. முனையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவன் சட்டைத் தோளிலேயே துடைத்தது. பதம் போதவில்லை போலிருக்கிறது.

அது கல்லுக்குப் போயிற்று. கையோடு அவனும் இழுபட்டுக் குனிந்தான்.

ஸ்ர்ர்... ஸ்ர்ர்... ஸ்ர்ர்.

கல்லில் இருந்த கோணல் குழிக்குள் உளி அளவெடுத்ததுபோல உட்கார்ந்து போய்வந்தது. கிட்டுசாமி வியர்த்து வழியப் பார்த்துக்கொண்டிருந்தான். கோணலும் இல்லை, கோணக்கையும் இல்லை. இடது கையால் தீட்டினால் அந்தக் குழி நேர்.

தீட்டி முடித்து உளி திரும்பி வந்தது. தொண்டைக்குழியில் படுத்தது. அங்கே மழிக்க இனி ரோமம் இல்லை. அப்படியும் படுத்தது.

"சின்னா," என்றான் கிட்டுசாமி. உளி அசையவில்லை.

"சின்னானுங்க... விட்டுருங்க. உங்க உளிதானுங்க. உங்களுதுதானுங்க."

வாழ்நாளில் அவன் ஒரு பெட்டி அடிக்கிறவனுக்குப் போட்ட முதல் மரியாதை அது. அதை அந்தக் கை கேட்டதா, அலட்சியம் பண்ணியதா, தெரியாது. உளி இருந்த இடத்திலேயே இருந்தது, யோசிப்பதுபோல.

வெளியே மணி அடித்தது. மிஷின்கள் ஓட ஆரம்பித்தன.

விரல்கள் தளர்ந்தன. உளி மடியில் விழுந்தது.

கிட்டுசாமி அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினான். செக்கிங் மேசை நடுவில், அத்தனை பெண்களுக்கும் முன்னால், பனியன் குவியலின் மேல் அதைப் போட்டான். தொண்டையில் ஒரு நூல் கோடு. ரத்தம் ஒரு சொட்டாகத் திரண்டு நின்றது. ரங்காத்தாள் கத்தரியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"அடிச்சுரு தாயி," என்றான். "மொதல்ல அடிச்சுரு."

மருதாள் உளியைக் கையில் எடுத்தாள். பிடியைத் தடவினாள்.

"இதுதான் அவரோடதுங்க. அன்னிக்கு நீங்க குடுத்தது உங்களுதுங்க."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலே?"

"நாலு தலைமொறையா உளி புடிச்சவங்களுக்கு நான் என்னத்தைங்க சொல்றது?"

"அந்தாளு... எதுக்கு என்ற கழுத்துல..."

"இடதுகைக்காரருங்க அவரு. தீட்டுனா பதம் பாக்காத கீழ வெக்க மாட்டாரு. முன்னெல்லாம் தன்ற கையில பாப்பாருங்க. இப்ப அவருக்குக் கை ஏதுங்க?"

வாசல் படியில் வைத்து ஆற்றுக் கல்லால் அடித்தாள். முனை நொறுங்கித் தூளாகத் தெறித்தது. கிட்டுசாமி இடது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போயிருச்சா?"

"முனை போயிருச்சுங்க. அன்னிக்கே அடிச்சிருந்தா கையும் போயிருக்குமுங்க. இப்ப எனக்குத் தெரியாதுங்க."

ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானத் தூக்கத்தில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ரோமம் முளைத்தது, மீசை முளைத்தது. மீசை முளைக்க முளைக்க அவனுடைய பழைய குணமும் முளைத்தது. மிச்ச மேசைகளைத் தன் உளியாலேயே செய்தான், சுமாராகத்தான் வந்தன.

சித்திரையில் புதுக் கட்டிடத் திறப்பு. புதுச் சிமெண்டுத் தரையில் வரிசையாக இலை போட்டு விருந்து. திருமூர்த்திக்குப் பக்கத்து இலையில் கிட்டுசாமி. வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினான்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வெயில்ல ஒரு மயக்கம். பொம்பளைங்க அதுக்குக் கண்ணு காது மூக்கு வெச்சுட்டாங்க. பொட்டி அடிச்சவன் உளிக்கு அவ்வளவு வீரியமுங்களா? அவனுக்கு ஆணி அடிக்கவே நேரா வராதாமா."

மருதாள் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவன் இலைக்கு எதிரில் வந்ததும் நின்றாள்.

அவனுடைய இடது கை இலைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. தம்ளரிலிருந்து சிந்திய தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, விரல்களைச் சேர்த்துப் படுக்க வைத்து, சொரசொரப்பான சிமெண்டில் போய்வந்து போய்வந்து தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரே சாய்மானம், ஒரே அழுத்தம். விரல் நுனிகளில் தோல் உரிந்து தண்ணீர் சிவப்பாக ஆகியிருந்தது. கிட்டுசாமி அதைப் பார்க்கவே இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

அவன் சின்னான் பெயரை மறுபடியும் எடுத்தான். கை வேகமாயிற்று.

மருதாள் குனிந்தாள். புருஷன் வேலையை விட்டு வரமாட்டேன் என்கிறபோது சோற்றுப்போசியோடு கொட்டகை வாசலில் நின்று கூப்பிடுகிற குரல் அது.

"போதும் விடுங்க," என்றாள் மெதுவாக. "இந்த ஆளுக்காகக் கையைத் தேச்சுக்காதீங்க. சோத்து நேரம்."

கை நின்றது. புரண்டு, உள்ளங்கையை மேலே காட்டிக்கொண்டு, களைத்துப்போனதுபோலத் தரையில் கிடந்தது.

கிட்டுசாமி பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"என்ன சொன்னே?"

"உங்களைச் சொல்லலீங்க," என்று மருதாள் அடுத்த இலைக்குப் போனாள்.